முழுசா இறக்கி ஏத்தாதீங்க: வெயில் ஊரில் லேப்டாப் பேட்டரி

நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் பக்கம் லேப்டாப் பழுது பார்க்கிற மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "பேட்டரியை முழுசா இறக்கிட்டுத்தானே சார்ஜ் போடணும்?" வேண்டாம். வாரம் தவறாமல் ஜீரோ வரை இறக்கி, நூறு வரை ஏற்றி, பேட்டரியை நன்றாகக் கவனித்துக்கொள்வதாக நம்புகிறவர்கள் உண்மையில் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அறிவுரை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளைப் பாதி இறக்கிப் பாதி ஏற்றிக்கொண்டே இருந்தால், அவை அந்தப் பாதியையே முழு அளவாக எடுத்துக்கொள்ளும். அதனால் அவ்வப்போது முழுக்க இறக்கச் சொன்னார்கள். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு லேப்டாப்கள் எல்லாம் அதற்கு மாறிவிட்டன. பேட்டரி மாறியது, வாய்வழியாக வந்த அறிவுரை மாறவில்லை. லித்தியத்துக்கு அந்த ஞாபகக் கோளாறு கிடையாது. எந்த இடத்தில் நிறுத்தினாலும், எந்த இடத்திலிருந்து ஏற்றினாலும் அதற்குப் பிரச்சினை இல்லை.

அதற்குப் பிரச்சினை தருபவை இரண்டு. ஒன்று சூடு. இன்னொன்று, நூறு சதவீதத்திலேயே நாள்கணக்கில் நிற்பது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மோசம். நம் பக்கத்து மே மாதத்தில் இரண்டும் தினமும் சேருகின்றன.

கணக்கைப் பாருங்கள். முழுச் சார்ஜில் உள்ள லித்தியம் செல்லை, அதாவது பேட்டரிக்குள் இருக்கிற தனி அலகை, 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்தாலே அதன் கொள்ளளவில் சுமார் 20 சதவீதம் போய்விடும். அதே செல் 40 சதவீதச் சார்ஜில் இருந்தால் இழப்பு 4 சதவீதம் அளவில் நிற்கும். வெப்பத்தை 40 டிகிரிக்கு உயர்த்துங்கள்: 40 சதவீதச் சார்ஜில் இழப்பு சுமார் 15, முழுச் சார்ஜில் சுமார் 35. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல், அலமாரியில் வைத்ததற்கே இவ்வளவு. திருத்தணியிலும் திருப்பதியிலும் அக்னி நட்சத்திரத்தில் வெளிவெப்பம் 40-ஐத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. அந்த வெப்பத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாள் முழுக்கப் பிளக்கில் கிடக்கிற லேப்டாப்பின் நிலைமையை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உள்ளே நடப்பது இதுதான். செல்லின் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் ஓர் உலோக ஆக்சைடு, நடுவில் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் ஆக்சைடிலிருந்து கிளம்பி கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். கிராஃபைட்டின் மேல் முதல் நாளிலேயே ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். அது தேவையான படலம்தான். ஆனால் சூட்டில் அது தடிக்கிறது. தடிக்கத் தடிக்கக் கொஞ்சம் லித்தியத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிப் போன லித்தியம் திரும்ப வராது. மறுபக்கத்தில், 4.2 வோல்ட் என்ற உச்சத்தில் நிற்கும்போது திரவமே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயு உண்டாகிறது. பேட்டரி உப்புவது அந்த வாயுவால்தான். உச்ச வோல்டேஜை ஒரு செல்லுக்கு 0.1 வோல்ட் குறைத்தாலே, எத்தனை முறை ஏற்றி இறக்கலாம் என்ற எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எண்பது சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இப்படி உச்ச வோல்டேஜ் குறைவதுதான்.

அடுத்து, முழுக்க இறக்குவது. செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6 அல்லது 3.7. திரையில் ஜீரோ என்று காட்டும்போது அது 3 வோல்ட் பக்கத்தில் இருக்கும். அந்த நிமிடமே கெட்டுவிடாது. லேப்டாப் தானே அணைந்து காப்பாற்றிக்கொள்ளும். ஆபத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அணைந்த லேப்டாப்பிலும் பேட்டரிக்குள் இருக்கிற காவல் சர்க்யூட் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். செல்லும் தன்னால் கொஞ்சம் இறங்கும். இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு ஐந்து சதவீதம் அளவுக்குப் போகலாம். ஜீரோவில் அணைந்ததை அப்படியே பீரோவில் வைத்துவிட்டு, பரீட்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து எடுத்தால் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கலாம். அதற்கும் ஆழமாக இறங்கினால் கிராஃபைட்டைத் தாங்குகிற செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது. அதன் பிறகு சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் காவல் சர்க்யூட் அந்தப் பேட்டரியை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. "நல்லா இருந்த பேட்டரி, லீவுல வெச்சிருந்தேன், செத்துப்போச்சு" என்று கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். பூட்டியதை வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துத் தட்டி எழுப்புகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பூட்டு விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே தினசரிப் பழக்கம் எளிது: முப்பது பக்கம் வந்ததும் பிளக் போடுங்கள், எண்பதில் எடுங்கள். இருபதுக்கு இறங்கினாலும் தொண்ணூறுக்கு ஏறினாலும் கவலை வேண்டாம். ஊருக்குக் கிளம்பும்போது நூறு வேண்டுமென்றால் தாராளமாக நூறு ஏற்றுங்கள்; கிளம்புவதற்குச் சற்று முன் ஏறி முடிகிற மாதிரி நேரம் பார்த்துப் போடுங்கள். நூறைத் தொடுவது குற்றமில்லை, நூறிலேயே குடியிருப்பதுதான் கேடு.

"அடிக்கடி பிளக் போட்டா சைக்கிள் வீணாப் போகுமே?" என்பது இன்னொரு பயம். சைக்கிள் என்பது பிளக் போட்ட தடவைகளின் எண்ணிக்கை அல்ல. பயன்படுத்திய சார்ஜ் மொத்தமாக நூறு சதவீதம் சேர்ந்தால் ஒரு சைக்கிள். இன்று 50, நாளை 50 என்றால் இரண்டு நாளுக்கு ஒன்று. சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 சைக்கிள் வரைக்கும், விலை உயர்ந்த சில மாடல்கள் 1,000 வரைக்கும் தாங்கும்படி செய்யப்படுகின்றன. ஒரே 100 சதவீதத்தை ஒரு மூச்சில் இறக்குவதைவிட இரண்டு ஐம்பதாக இறக்குவது செல்லுக்கு இதமானது.

நாள் முழுக்க பிளக்கிலேயே வேலை செய்கிறவர்கள், அதாவது பில் போடுகிற கடைகள், டிடிபி சென்டர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், கையால் எடுத்து எடுத்துப் போட வேண்டாம். எண்பதில் தானே நிற்கிற வசதி பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கிறது, போட்டுவிடத்தான் ஆளில்லை. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோடு'. திங்க்பேடில் எந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று இரண்டு எண்ணையும் நாமே கொடுக்கலாம். 60, 80 என்று கொடுங்கள். டெல் என்றால் ஆன் ஆகும்போது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வருகிற அமைப்புத் திரைக்குள்) போய், பேட்டரி அமைப்பில் 'பிரைமரிலி ஏசி யூஸ்' அல்லது 'கஸ்டம்'. எச்பி என்றால் எஃப்10. பல மாடல்களில் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' என்று இருக்கும், அதில் 'மேக்ஸிமைஸ் மை பேட்டரி ஹெல்த்'. ஏசஸில் மைஏசஸ் செயலி, ஏசரில் கேர் சென்டர் அல்லது ஏசர்சென்ஸ். இரண்டிலும் 80 சதவீத வரம்பு உண்டு. ஐந்து நிமிட வேலை. நாங்கள் கொடுக்கிற எல்லா யோசனையிலும் செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம்.

சூட்டுக்கு வருவோம். நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் என்று விசைத்தறி ஓடுகிற ஊர்களில் இன்னொரு எதிரி பஞ்சுத் தூசி. தறிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் கணக்கு எழுதப் பயன்படுத்துகிற லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தால், ஃபேன் காற்றைத் தள்ளுகிற வாய்க்கும் செப்புத் துடுப்புக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக வரும். தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் காற்று போக ஓர் ஊசித்துளைகூட இருக்காது. ஃபேன் முழு வேகத்தில் கத்தும், வெளியே வருகிற காற்று மட்டும் இருக்காது. பிராசஸர் சூடு போக வழியில்லாமல் உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகை முழுக்கப் பரவி, பக்கத்தில் படுத்திருக்கிற பேட்டரிக்கு வந்து சேரும். தறி ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மற்ற ஊரில் வருடத்துக்கு ஒருமுறை, பங்குனி பிறப்பதற்குள் இதைச் சுத்தம் செய்துவிடுங்கள். வெளியிலிருந்து புளோயரால் ஊதினால் போதாது. அந்தப் பட்டை உள்ளே இன்னும் இறுகும். மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும்.

மெத்தை, தலையணை, மடியில் போட்ட போர்வை இவற்றின் மேல் வைத்தால் அடியில் காற்று உள்ளே போகிற துளைகள் அடைபடும். மணையோ பரீட்சை அட்டையோ எதுவாவது ஒன்றை அடியில் கொடுங்கள். மேசையிலும் பின்பக்க இரண்டு கால்களுக்குக் கீழே தண்ணீர் பாட்டில் மூடி இரண்டை வைத்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் வித்தியாசம் கைக்கே தெரியும். அடாப்டரையும் மெத்தைக்கடியில் விடாதீர்கள்.

பையில் வைக்கிற விதம் முக்கியம். திருத்தணியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் ரயிலேறி சென்னைக்குப் போய் வருகிறவர்கள் பலரும் மூடியை மூடி அப்படியே பையில் போட்டுக்கொள்கிறார்கள். மூடினால் அது தூங்குகிறது, அணைவதில்லை. புது லேப்டாப்களில் அந்தத் தூக்கம் செல்போன் தூக்கம் மாதிரி. உள்ளே அப்டேட் பார்க்கும், மெயில் இழுக்கும். காற்றில்லாத பைக்குள், இரண்டு மணி நேரப் பயணத்தில், வெளியே எடுக்கும்போது தோசைக்கல் மாதிரி இருக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் 'ஹைபர்னேட்' ஆகும்படி மாற்றுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். ஹைபர்னேட்டில் வேலை எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டு லேப்டாப் முழுக்க அணைகிறது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பது இன்னும் மோசம். திருமலை அடிவாரத்து அலிபிரியில் காரை விட்டுவிட்டு மலைக்கு நடந்து ஏறுகிறவர்கள், லேப்டாப் பையை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். தரிசனம் முடிந்து இறங்க ஒரு நாள் ஆகும். கோடைப் பகலில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தொடும். அதுவும் "வழியில் வேணுமே" என்று முழுச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தால், அந்த ஒரு நாள் பல வாரத்து முதுமையைக் கொடுக்கும். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

மே மாதத்தில் அடிக்கடி வருகிற புகார் ஒன்று: "பிளக் போட்டிருக்கேன், 'நாட் சார்ஜிங்'னு காட்டுது, அடாப்டர் போச்சா?" லித்தியம் செல்லை 0 முதல் 45 டிகிரி வரைதான் சார்ஜ் செய்யலாம். அறையே 40-இல் இருந்து, வேலையும் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி அந்த வரம்பைத் தொடும். அப்போது லேப்டாப் வேண்டுமென்றே சார்ஜை நிறுத்துகிறது. அணைத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே அரைமணி நேரம் வைத்து மறுபடி போடுங்கள். ஏறினால் அடாப்டரும் பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே வேர்த்து, பலகையில் நீர் படியும். காலை ஐந்தரை ஆறு மணிக்குச் சார்ஜ் போடுகிற பழக்கம் நம் கோடைக்கு மிகப் பொருத்தமானது. அறை அப்போதுதான் கொஞ்சம் ஆறியிருக்கும். சூடே இல்லாமலும் அதே எழுத்து வந்தால் இரண்டு காரணம் உண்டு: எண்பது வரம்பு போட்டிருக்கலாம், அல்லது அடாப்டரை லேப்டாப்பால் அடையாளம் காண முடியாமல் இருக்கலாம். சில கம்பெனி அடாப்டர்களின் பின்னுக்கு நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது வளைந்தாலோ, மலிவு அடாப்டர் போட்டாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது.

கரண்ட் போய் வருவது பற்றி இரண்டு வார்த்தை. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். வோல்டேஜ் குறைவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் திரும்ப வருகிற அந்த நொடியில் ஏற்படுகிற துள்ளல்தான் அடித்துவிடும். போனதும் சுவிட்சை அணையுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இடி மின்னலில் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் சிலுசிலுவென்று இருந்தால் அது பேட்டரிக் கோளாறு இல்லை, எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பாருங்கள்.

பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸே கணக்கு வைத்திருக்கிறது. தேடல் பெட்டியில் சி-எம்-டி என்று அடித்துக் கறுப்புத் திரையைத் திறங்கள். பி-ஓ-டபிள்யூ-இ-ஆர்-சி-எஃப்-ஜி என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கேள்விக்குறி இருக்கிற பொத்தானில் உள்ள சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியே இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று சொல்லும். அதைப் பிரவுசரில் திறக்கலாம். அதில் பார்க்க வேண்டியவை மூன்று. 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது புதிதில் இருந்த அளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைக்கு நூறு காட்டும்போது உண்மையில் உள்ளே இருப்பது. மூன்றாவது சைக்கிள் எண்ணிக்கை. சில மாடல்களில் இது காட்டாது.

ஓர் உதாரணம். டிசைன் 41,000 மில்லிவாட் மணி, இன்றைய முழு அளவு 33,200 என்றால், 33,200-ஐ 41,000-ஆல் வகுத்தால் 81 சதவீத ஆரோக்கியம். சாதாரண வேலையில் லேப்டாப் 15 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 33.2-ஐ 15-ஆல் வகுக்க, இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. "அஞ்சு மணி நேரம் வந்தது, இப்ப ரெண்டுதான் வருது" என்கிற புகாரில் பாதி இந்தக் கணக்கிலேயே தெளிந்துவிடும். பிரவுசரில் முப்பது டேப் திறந்து, வெளிச்சத்தை முழுக்க வைத்திருந்தால் 15 வாட் 25 ஆகும். பேட்டரியின் மேல் தப்பில்லை. எண்பதுக்கு மேல் இருந்தால் நல்ல நிலை. அறுபதுக்குக் கீழே வந்தால் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்க ஆரம்பியுங்கள். அறிக்கையின் கீழ்ப்பகுதியில் வாரவாரியான வரலாறும் இருக்கும். சித்திரை, வைகாசியில் அந்த எண் சறுக்குவதை அதில் பார்க்கலாம்.

முழுக்க இறக்குவதற்கு ஒரே ஒரு நியாயமான சந்தர்ப்பம் உண்டு: மீட்டர் பொய் சொல்லும்போது. சதவீதம் காட்டுவது செல் அல்ல. பேட்டரிக்குள் இருக்கிற ஒரு சிப், போன கரண்டையும் வந்த கரண்டையும் கூட்டிக் கழித்துச் சொல்கிறது. எண்பதுக்கும் முப்பதுக்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். மேல் எல்லையும் கீழ் எல்லையும் எங்கே என்று அதற்கு ஒருமுறை காட்ட வேண்டும். நாற்பதிலிருந்து திடீரென்று பத்துக்குக் குதித்தாலோ, பத்தில் வெகுநேரம் நின்றாலோ செய்யுங்கள். இல்லாவிட்டால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

செய்முறை: எண்பது வரம்பை முதலில் எடுத்துவிடுங்கள். நூறு வரை ஏற்றி, ஏறிய பிறகும் இரண்டு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். வோல்டேஜ் அமைதியடைய அந்த நேரம் தேவை. பிளக்கை எடுங்கள். தூக்கம் வராதபடி அமைப்பில் 'நெவர்' என்று வைத்து, வெளிச்சத்தைப் பாதியாக்கி ஏதாவது வீடியோவை ஓடவிடுங்கள். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போல அதிகம் இழுக்கிற வேலை வேண்டாம். அதிகக் கரண்டில் வோல்டேஜ் தாழ்ந்து, இன்னும் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும், சிப் தப்பாகக் கற்றுக்கொள்ளும். 5 சதவீதத்தில் தானே ஹைபர்னேட் ஆகும். அங்கேயே விடுங்கள், மறுபடி ஆன் செய்து மிச்சத்தைப் பிழியாதீர்கள். நான்கைந்து மணி நேரம் ஆறட்டும். பிறகு அணைத்த நிலையிலேயே, நடுவில் நிறுத்தாமல் நூறு வரை ஏற்றி, வரம்பைத் திரும்பப் போடுங்கள். இரவில் இறக்கி விடிகாலையில் ஏற்றுகிற மாதிரி ஆரம்பித்தால் சூடும் குறைவு, கரண்ட் கட் தொல்லையும் குறைவு. இதனால் பேட்டரிக்குப் புது உயிர் வராது. மீட்டர் மட்டும் சரியாகும்.

செய்த பிறகும் முப்பதில் படாரென்று அணைந்தால், ஒரு செல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான பேட்டரியில் மூன்று செல் வரிசையாகக் கோர்த்திருக்கும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 3 வோல்ட்டுக்கு இறங்கினால், மற்ற இரண்டில் எவ்வளவு இருந்தாலும் சர்க்யூட் மொத்தத்தையும் வெட்டிவிடும். இதற்கு மாற்றுவது ஒன்றே வழி.

ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 50 சதவீதத்தில் வைத்து, ஹைபர்னேட் அல்ல, முழு ஷட்டவுன் செய்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். சமையலறை அலமாரியும் பரணும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி 50-க்குக் கொண்டுவாருங்கள்.

உப்பலைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் அறிகுறி பேட்டரியில் தெரியாது, டச்பேடில் தெரியும். ஒரு மூலையில் கிளிக் அழுந்தாது. பிறகு ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி வரும். மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடும். மூடி சரியாகப் பொருந்தாது. டச்பேட் கெட்டது என்று நினைத்து அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்துவது, அடியில் வாயு நிறைந்த ஒரு பையை. கிளிக் அழுந்தவில்லை என்றால் முதலில் லேப்டாப்பைத் திருப்பி, தட்டையான கண்ணாடியிலோ கிரானைட் மேடையிலோ வைத்து அடிப்பாகம் மேடிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேடு தெரிந்தால் உடனே அணையுங்கள், பிளக்கை எடுங்கள், மறுபடி ஏற்றாதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை விடுவது உயிருக்கு ஆபத்து. குத்தியதும் உள்ளே ஷார்ட் ஆகி நெருப்புப் பிடிக்கலாம். வெளியே எடுக்கும்போது ஸ்குரூடிரைவரால் நெம்பக் கூடாது; ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல விலக்க வேண்டும், பழக்கம் இல்லையென்றால் கடையில் கொடுங்கள். எடுத்ததை வெயில் படாத சிமெண்ட் தரையில், மணல் போட்ட மண்சட்டியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். புகை வந்தால் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். அந்தப் புகை நஞ்சு. தீயணைப்புக்கு 101.

புதியது வாங்கும்போது பலரும் சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறுகிறார்கள். போகும் முன் பழைய பேட்டரியின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மாடல் பெயர் போதாது, பேட்டரியின் பார்ட் நம்பர் வேண்டும். வோல்டேஜில் ஒரு குழப்பம் வரும்: 10.8 என்றும் 11.1 என்றும் எழுதியிருப்பது இரண்டும் ஒன்றுதான், மூன்று செல்லை 3.6 என்று கணக்கிட்டால் 10.8, 3.7 என்றால் 11.1. ஆனால் 11.1-க்குப் பதில் 14.8 வேறு, அது நான்கு செல், பொருத்தவே கூடாது. தயாரிப்புத் தேதியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த 'புதுப்' பேட்டரி ஏற்கெனவே கொஞ்சம் வயதானது. இதே காரணத்தால், "விலை குறைவா இருக்கு, ஸ்பேருக்கு ஒண்ணு சேர்த்து வாங்கிடலாம்" என்பதும் வேண்டாம். பொருத்திய அன்றைக்கே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள். டிசைன் அளவும் முழு அளவும் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் அப்படியே ஒட்டி நின்றால், அந்தச் சிப் அளப்பதே இல்லையோ என்று சந்தேகப்படுங்கள்.

பழைய தடித்த பேட்டரிகளுக்குள் 18650 என்கிற உருளைச் செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம். "செல் மட்டும் மாத்தித் தர்றோம்" என்று சிலர் சொல்வார்கள். மாற்றலாம், ஆனால் நிபந்தனைகள் அதிகம். செல்லின் மேல் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது போலி. இந்த அளவுச் செல்லில் 3,500 பக்கம்தான் உச்சம். நல்ல செல் 45 கிராம் அளவுக்கு எடை இருக்கும். கையில் எடுத்தாலே லேசாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். சால்டரிங் அயர்னை நேரடியாகச் செல்லில் வைத்தால் அந்தச் சூட்டிலேயே உள்ளே சேதமாகும். எல்லாச் செல்லும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வோல்டேஜில் இருக்க வேண்டும். பழைய செல்லைக் கழற்றும்போது சர்க்யூட்டுக்குக் கரண்ட் ஒரு நொடி நின்றால்கூடப் பல சிப்கள் பூட்டிக்கொள்ளும்; செல் புதிதாக இருந்தும் லேப்டாப் ஏற்காது. இவ்வளவையும் தெரிந்து செய்கிறவர் கிடைத்தால் செய்யுங்கள். மெல்லிய தட்டைப் பேட்டரிகளில் இந்த வேலையே வேண்டாம்.

வாங்கிய பேட்டரியை முதல் தடவை எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் போட வேண்டியதில்லை. நூறு வரை ஒருமுறை ஏற்றி, சாதாரணமாகப் பயன்படுத்தி, எண்பது வரம்பைப் போட்டுவிடுங்கள்.

கழற்றிய பழையதைக் குப்பையில் போடாதீர்கள், பழைய இரும்புக் கடைக்கும் கொடுக்காதீர்கள். அங்கே சுத்தியலால் உடைக்கும்போதுதான் தீப்பிடிக்கிறது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். கொண்டுபோகும் முன் பின்கள் இருக்கிற வாய்ப்பகுதியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாவிக்கொத்து, சில்லறைக் காசு இருக்கிற பைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.